பேட்ச் சரி, பேச்சு தப்பு: லினக்ஸ் கெர்னலின் நீண்ட பஞ்சாயத்து

2024 செப்டம்பர் 2. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதுகிறவர்களின் மெயிலிங் லிஸ்ட்டில் ஒரு பேட்ச், அதாவது நிரல் மாற்றம், பற்றிய விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. நினைவகம் தீரும் நேரத்தில் கெர்னலின் ஒரு பகுதி இடம் கேட்டால், இடம் காலியாகும் வரை காத்திருக்க வேண்டுமா, ‘இல்லை’ என்ற பதிலோடு உடனே திரும்ப வேண்டுமா? அதுதான் கேள்வி. ‘காத்திருக்காதே’ என்று சொல்லும் ஒரு ஃப்ளாக்கை (நிரலில் வைக்கும் அடையாளக் குறி) பிகேஷ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, அதாவது வட்டில் கோப்புகளைச் சேமித்து நிர்வகிக்கும் பகுதி, பயன்படுத்தி வந்தது. அது ஆபத்து, எடுத்துவிடலாம் என்றார் நினைவக மேலாண்மையில் பழம் தின்று கொட்டை போட்ட மிகல் ஹோக்கோ. பிகேஷ்எஃப்எஸ்ஸை உருவாக்கிய கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் ஒப்புக்கொள்ளவில்லை. தோல்வியைச் சொல்லித் திரும்புவதும், அதை முறையாகக் கையாள்வதும்தான் ஒழுங்கான நிரல். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸைச் சாகடிப்பது அதற்கு மாற்று ஆகாது என்பது அவர் கட்சி.

இதுவரை கெர்னலில் தினம் நடக்கிற வாய்க்கால் தகராறுதான். ஆனால் கென்ட்டின் மெயில் அங்கே நிற்கவில்லை. இப்படி நினைக்கிறவருக்குக் கெர்னல் கோட் எழுதவே அருகதை இல்லை, போய்த் தலையைப் பரிசோதித்துக்கொள், இதை எடுத்துக்கொண்டு இங்கிருந்து கிளம்பு என்று முடிந்தது. கடைசி வரியில் கெட்ட வார்த்தைகள் இரண்டு.

நவம்பர் 22 அன்று நடத்தை நெறிக் குழுவின் சார்பில் ஷுவா கான் அதே லிஸ்ட்டில் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். 6.13 பதிப்புக்கான வேலை முடியும் வரை கென்ட்டின் பங்களிப்பு கட்டுப்படுத்தப்படுகிறது; அவருடைய புல் ரிக்வெஸ்ட், அதாவது தன் மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளும்படி அனுப்பும் வேண்டுகோள், ஏற்கப்படாது. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கும்படி குழு சொன்னது, அவர் கேட்கவில்லை என்பது காரணம். அடுத்த ஆண்டு முடிவதற்குள் அந்தக் கோப்பு முறைமையே கெர்னலை விட்டு வெளியேறிவிட்டது.

தன்னார்வக் குழுக்களில் ஆளுக்கு ஆள் முட்டிக்கொள்ளும்போது என்ன செய்யலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்று நினைக்கிறேன். எல்லாம் பொதுவெளியில் நடந்தது, எழுத்தில் இருக்கிறது. ஆனால் 2024இல் தொடங்கினால் பாதிக்கதைதான் தெரியும். 2012க்குப் போக வேண்டும்.

ஒரு ஆட்சேபத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கெர்னல்காரர்களில் பெரும்பாலோர் சம்பளக்காரர்கள், இதைத் தன்னார்வம் என்று சொல்லலாமா? சம்பளம் வாங்குகிறார்கள், சரி. ஆனால் ஒருவருக்கு இன்டெல் தருகிறது, இன்னொருவருக்கு சூஸே தருகிறது, மூன்றாமவர் ஆதரவாளர்கள் மாதாமாதம் அனுப்பும் தொகையில் காலம் தள்ளுகிறார். எல்லோருக்கும் மேலே ஒரே முதலாளி கிடையாது, எச்ஆர் கிடையாது, இடமாற்றம் கிடையாது. யாரும் யாரையும் வேலையை விட்டுத் தூக்க முடியாது. பேட்சை ஏற்காமல் இருக்கலாம், அவ்வளவுதான். சண்டை மூண்டால் சம்பளமில்லாத குழுவுக்கு என்ன கதியோ அதே கதிதான் இதற்கும்.

சரியான விஷயத்துக்காகத் திட்டுவது

2012 டிசம்பர் 23. கெர்னலின் மீடியா பகுதிக்குப் பொறுப்பாளர், அதாவது மெயின்டெய்னர், மௌரோ கார்வல்யோ செஹாப். அவர் பக்கத்தில் வந்த ஒரு மாற்றத்தால் கெர்னல் திருப்பித் தரும் பிழைக்குறி மாறியது. பல்ஸ்ஆடியோ போன்ற பயன்பாடுகள் குழம்பின. தவறு அந்தப் பயன்பாட்டில்தான் இருக்கிறது என்பது போல அவர் பதில் எழுதினார். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெடித்தார். வாயை மூடு என்பதைக் கெட்ட வார்த்தையோடு பெரிய எழுத்தில் எழுதினார். எவ்வளவு காலமாக மெயின்டெய்னராக இருக்கிறாய், முதல் விதியே இன்னும் தெரியவில்லையா என்று கேட்டார். பயனர்களின் நிரல் எதையும் கெர்னல் மாற்றம் உடைக்கக் கூடாது என்பதுதான் அந்த முதல் விதி.

விதி அருமையான விதி. நம் பழைய நிரல்கள் புது கெர்னலிலும் ஓடுவதற்கு அதுதான் காரணம். வில்லங்கமும் அங்கேதான். லினஸ் சொன்ன விஷயம் சரி என்பதால் சொன்ன விதமும் சரியாகிவிட்டது. பல ஆண்டுகள் அந்த மெயில் புரோகிராமர்கள் நடுவே ரசனையோடு பகிரப்பட்டது. திட்டு வாங்கியவர் பக்கம் நின்று பேச நினைத்தால், தப்பான பேட்சுக்கு வக்காலத்து வாங்குவது போல் ஆகிவிடும். யார் வாயைத் திறப்பார்?

சேஜ் ஷார்ப் திறந்தார். 2013 ஜூலையில், அப்போது இன்டெல்லில் இருந்து யுஎஸ்பி 3.0 டிரைவரைப் பராமரித்து வந்தார் அவர். வெளியான பிறகு பிழைத்திருத்தம் மட்டும் பெறும் ஸ்டேபிள் பதிப்புகளைக் கவனிக்கும் கிரெக் க்ரோவா-ஹார்ட்மனிடம் லினஸ், நீ எல்லோருக்கும் வளைந்து கொடுக்கிறாய், சத்தம் போடக் கற்றுக்கொள் என்று பாதி விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்த இழை அது. ஷார்ப் குறுக்கிட்டார்: இது விளையாட்டு இல்லை, வாயால் அடிப்பதை நிறுத்துங்கள். லினஸின் பதில் பிரபலமானது. நான் வீட்டில் பாத்ரோபைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், டை கட்டப்போவதில்லை, அதேபோல் போலி மரியாதை, அலுவலக அரசியல், முதுகில் குத்துவது இதற்கெல்லாமும் வரப்போவதில்லை என்றார்.

அந்த வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. முகத்துக்கு நேரே இனிக்கப் பேசி, பின்னால் ஆளையே காலி செய்யும் அலுவலகங்களைப் பார்த்தவர்களுக்கு, ‘நான் திட்டினால் திட்டியதோடு சரி’ என்கிற ஆள் எவ்வளவோ மேல் என்று தோன்றும். ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று யார் சொன்னது? ‘இந்த பேட்ச் குப்பை, இந்தக் காரணத்தால் எடுக்கமாட்டேன்’ என்பது நேர்மையான பேச்சுதான். அதில் ஆளைப் பற்றி ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

2015 மார்ச்சில் கெர்னலுக்கு முதல்முறையாக ஒரு சண்டை நெறி வந்தது. சின்ன ஆவணம். உங்கள் கோட் கடுமையாக ஆராயப்படும், பழகிக்கொள்ளுங்கள் என்று தொடங்கியது. யாரேனும் தனிப்பட்ட முறையில் இழிவுபடுத்தப்பட்டதாக உணர்ந்தால் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவுக்கு எழுதுங்கள், முடிந்தவரை தீர்த்துவைப்பார்கள் என்று சொன்னது. அடிபட்டவர்தான் மனுவோடு வர வேண்டும். வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு வரி கிடையாது. மனுவைப் பிரிக்கப்போகிறவர்கள் நாளைக்கு அவருடைய பேட்சை ரிவ்யூ செய்யக்கூடியவர்கள். அதே ஆண்டு அக்டோபரில், தான் கெர்னல் வேலையை விட்டு விலகிய காரணத்தை ஷார்ப் பகிரங்கமாக எழுதினார். தொழில்நுட்ப ரீதியில் மதிக்கிறார்கள், மனிதராக மதிப்பதில்லை என்பதுதான் அதன் சாரம்.

ரிலீஸ் அறிவிப்புக்குள் ஒரு மன்னிப்பு

2018 செப்டம்பர் 16. 4.19-rc4, அதாவது 4.19 பதிப்பின் நான்காவது சோதனை வெளியீடு, வந்துவிட்டது என்று லினஸ் மெயில் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற வழக்கமான அறிவிப்பு. அதற்குள்ளேயே இன்னொரு கடிதம் இருந்தது. அந்த ஆண்டு மெயின்டெய்னர்கள் கூட்டம் நடக்கவிருந்த தேதிக்குக் குடும்பச் சுற்றுலாவை பதிவு செய்துவிட்டது, கூட்டமே அவருக்காக எடின்பரோவுக்கு மாற்றப்பட்டது என்று சுற்றிவந்து, பிறகு விஷயத்துக்கு வந்தார். பிறர் உணர்ச்சிகளை வாழ்நாள் முழுக்கப் புரிந்துகொள்ளாமல் இருந்ததைப் பற்றி நம் ஆட்கள் இந்த வாரம் என்னை நேரடியாகக் கேட்டார்கள் என்று எழுதினார். தன் மெயில்கள் அநாவசியமானவை, யாரையெல்லாம் புண்படுத்தினேனோ, யாரெல்லாம் என்னால் கெர்னலை விட்டே போனார்களோ அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன், கொஞ்ச நாள் ஒதுங்கி உதவி பெறப்போகிறேன் என்றார். 4.19ஐ முடித்துத் தரும் பொறுப்பை கிரெக் ஏற்றார்.

மத்தியஸ்தம் பற்றிப் படிக்கிறவர்கள் இந்தக் கடிதத்தில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, விதியோ குழுவோ அவரை அசைக்கவில்லை. கூடவே வேலை செய்தவர்கள், அவர் மதிப்பவர்கள், நேராகக் கேட்டார்கள். இரண்டு, திட்டிய அதே லிஸ்ட்டிலேயே மன்னிப்பும் வந்தது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: அவர் எந்தத் தொழில்நுட்ப நிலைப்பாட்டையும் விட்டுக்கொடுக்கவில்லை. பயனர் நிரலை உடைக்கக் கூடாது என்ற விதி அப்படியே நின்றது. திட்டு மட்டும் திரும்பப் பெறப்பட்டது. ஒரே மெயிலில் ரிலீஸும் மன்னிப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததே அதற்குச் சாட்சி.

அதே நாளில் சண்டை நெறி போய், வேறு பல திறமூலத் திட்டங்கள் பயன்படுத்திவந்த ஒரு பொது மாதிரியின் அடிப்படையில் நடத்தை நெறி வந்தது. பழைய நெறி நாகரிகத்தை வளர்க்கவில்லை என்று அந்த மாற்றத்தின் குறிப்பிலேயே ஒப்புக்கொண்டார்கள். அடுத்த சில வாரங்கள் ஒரே அமளி. சிலர் தங்கள் நிரலைத் திரும்பப் பெற்றுக்கொள்வோம் என்றுகூட மிரட்டினார்கள். கூச்சலுக்கு நடுவே உருப்படியான கேள்விகளும் வந்தன. பொது மாதிரியில் பிறருடைய மின்னஞ்சல் முகவரியை அனுமதியில்லாமல் வெளியிடுவது குற்றம் என்று இருந்தது. கெர்னலில் ஒவ்வொரு பேட்சிலும் எழுதியவர், ஆராய்ந்தவர், பிழை சொன்னவர் எல்லோருடைய முகவரியும் இருக்கும். அப்படிப் பார்த்தால் எல்லோருமே குற்றவாளி. ஜேம்ஸ் பாட்டம்லி அதைத் திருத்தி ஒரு பேட்ச் அனுப்பினார், ஏற்கப்பட்டது. எங்கோ தைத்த சட்டையை வாங்கி மாட்டினால் கை நீளத்தைப் பார்த்து வெட்டத்தான் வேண்டும்.

இன்னொரு பயம் ஆழமானது. தன் பகுதியில் யாராவது தவறாகப் பேசினால் மெயின்டெய்னர் தண்டிக்க வேண்டும், இல்லையென்றால் அவருக்கே தண்டனை என்பது போல் அந்த வாசகம் தொனித்தது. கோட் பார்க்கிறவனை ஏன் போலீஸ் ஆக்குகிறீர்கள் என்று கேட்டார்கள். அக்டோபரில் வந்த விளக்க ஆவணம் இதற்குப் பதில் சொன்னது. புகார்களைத் தனிக்குழு பார்க்கும். அதன் முடிவை ஆலோசனைக் குழு மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் மாற்றலாம். சுமுகமாகத் தீர்ப்பதுதான் நோக்கம், நடவடிக்கை கடைசி வழி. அப்புறம், குழுவுக்கு வெளியே ஒரு மத்தியஸ்தர்: அப்போது அந்தப் பொறுப்பில் இருந்தவர் திறமூல உரிமச் சட்டத்தில் பெயர்பெற்ற இந்திய வழக்கறிஞர் மிஷி சவுத்ரி. புகார் கொடுக்கும் அளவுக்குப் போக விரும்பாத, ஆனால் என்ன செய்வதென்று தெரியாத மெயின்டெய்னரும் மத்தியஸ்தரிடம் போய்ப் பேசலாம்.

தீர்ப்புச் சொல்கிறவரையும் சமாதானம் பேசுகிறவரையும் பிரித்தது நல்ல ஏற்பாடு. தன்னிடம் மனம்விட்டுப் பேசுகிறவரை நாளைக்கே தண்டிக்க வேண்டி வரலாம் என்றால் யாரும் மனம்விடமாட்டார்கள். பெரும்பாலான குழுக்கள் இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆளின் தலையில் கட்டிவிட்டு, ஏன் யாரும் முன்கூட்டி வந்து சொல்வதில்லை என்று ஆச்சரியப்படுகின்றன.

2018 அக்டோபர் 22 அன்று 4.19ஐ வெளியிட்டு, பொறுப்பை லினஸிடம் திரும்பக் கொடுத்தார் கிரெக். இன்றும் லினஸ் கோபப்படுகிறார். 2025 ஆகஸ்டில் ரிஸ்க்-ஃபைவ் என்ற செயலி வகைக்கான பகுதியிலிருந்து தாமதமாக வந்த ஒரு புல் ரிக்வெஸ்ட்டைக் குப்பை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். ஆனால் குப்பை என்றது நிரலைத்தான்.

சபையில் சொன்னது

இப்போது 2024க்குத் திரும்பலாம்.

கென்ட்டின் மெயிலைப் படித்தால் 2012 மெயிலின் அச்சு அப்படியே தெரியும். தொழில்நுட்பத்தில் எனக்கு நிச்சயம், ஆகவே எப்படி வேண்டுமானாலும் பேசலாம். நடுவில் ஊர் மாறிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

குழு கேட்டது பகிரங்க மன்னிப்பு. இது ஏன் என்று வெளியாட்கள் பலர் கேட்டார்கள். இரண்டு வளர்ந்த மனிதர்கள் தனியாகப் பேசி முடித்துக்கொண்டால் போதாதா? ஆலமரத்தடியில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. சபையில் ஒருவனை அவமானப்படுத்தினால் சபையில்தான் தப்பு என்று சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போய்க் காதோடு சொன்னால் செல்லாது. காரணம், அடிபட்டவர் ஒருவர் மட்டும் இல்லை. அந்த லிஸ்ட்டைப் படித்துவிட்டு, நாளைக்கு இவருடைய கோடில் குறை கண்டால் எனக்கும் இதுதான் என்று ஒதுங்கிக்கொண்ட பெயர் தெரியாத புதியவரும் கட்சிக்காரர்தான். அந்த அளவில் குழு கேட்டது நியாயம் என்பேன்.

எனக்குச் சங்கடம் வேறு இரண்டு இடங்களில். திட்டு வந்தது செப்டம்பர் முதல் வாரம். முடிவு வந்தது நவம்பர் கடைசியில். நடவடிக்கைகளை வரிசையாக விளக்கும் புதுப் பகுதி நடத்தை நெறியின் விதிகளில் நுழைந்ததும் அதே நவம்பரில்தான். அது சொல்வது இது: முதலில் நடத்தை எங்கே நடந்ததோ அங்கேயே குழு சுட்டிக்காட்டி, தவறு செய்தவரை மன்னிப்புக் கேட்கச் சொல்லும். நம்பிக்கையைத் திரும்பக் கட்டுவதற்கு அதுதான் முதல் படி. மறுத்தால் குறைந்தது ஒரு முழு வெளியீட்டுச் சுற்றுக்குத் தடை, அதற்கு ஆலோசனைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் வேண்டும். தெளிவான படிகள். ஆனால் பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போது கோடு கிழித்தது போல ஆகிவிட்டது. குழு நேர்மையாகவே நடந்திருந்தாலும், ‘எனக்காகவே எழுதிய விதி’ என்று ஒருவர் சொல்ல வாய்ப்புக் கொடுத்துவிட்டால், அப்புறம் பேச்சு அவர் நடத்தையை விட்டு விதியின் மேல் போய்விடும். போனது.

இரண்டாவது சங்கடம் பெரியது. பொதுவெளியில் நாம் பார்த்த வரையில், கென்ட் மன்னிப்பையும் நினைவக ஃப்ளாக்கையும் ஒரே முடிச்சாகவே பார்த்தார். மன்னிப்புக் கேட்டால் தொழில்நுட்ப வாதத்திலும் தோற்றதாக ஆகிவிடும், பயனர்களின் தரவைக் காக்கும் என் பொறுப்பு என்னாவது என்கிற திசையிலேயே அவருடைய விளக்கங்கள் ஓடின. பத்தாண்டு ஒரே கோப்பு முறைமையில் உயிரைக் கொடுத்தவர் அப்படி நினைப்பதில் வியப்பு இல்லை. மத்தியஸ்தருக்கு வேலை அந்த முடிச்சில்தான். ஃப்ளாக் பற்றிய வாதத்தைக் கென்ட்டும் மிகலும் நேருக்கு நேர் மோதாதபடி மூன்றாவது ஒருவரிடம் கொடுத்து, அது அதன் வழியில் நடக்கட்டும் என்று முதல் வாரத்திலேயே விலக்கிவிட்டால், மிச்சம் இருப்பது இரண்டு வாக்கியங்கள்தான். ‘ஃப்ளாக் விஷயத்தில் நான் சொன்னதில் நிற்கிறேன். உங்களைப் பற்றிச் சொன்னது தப்பு.’ இதை எழுத யாருடைய தன்மானமும் குறையாது. லினஸ் 2018இல் செய்தது ஏறக்குறைய இதுதான். ஆனால் அதைச் செய்யச் சொல்லும் ஆள் அவர் மதிக்கும் சக கோப்பு முறைமைக்காரராக இருக்க வேண்டும். குழுவின் பெயரில் வரும் கடிதம் எவ்வளவு பணிவாக இருந்தாலும் சம்மன் மாதிரிதான் படும்.

லினஸின் விஷயத்தில் அப்படிக் கேட்கிற ஆட்கள் இருந்தார்கள். கென்ட்டைச் சுற்றி 2024க்குள் அந்த வட்டம் சுருங்கிப்போயிருந்தது. கோப்பு முறைமைப் பக்கத்தில் பலரோடு ஏற்கெனவே உரசல். rc காலத்தில், அதாவது பிழைத்திருத்தம் மட்டும் அனுப்ப வேண்டிய வாரங்களில், பெரிய மாற்றங்களை அனுப்புகிறார் என்று லினஸோடும் உரசல். ஒரு மெயிலுக்காக வந்த வழக்கில் பழைய பாக்கியெல்லாம் சேர்ந்துகொள்வதை எந்தப் பஞ்சாயத்திலும் பார்க்கலாம்.

நியாயமாகச் சொன்னால், கெர்னல் குழு ஒரு பெரிய கண்டத்தைத் தாண்டியிருக்கிறது. 2021 நவம்பரில் ரஸ்ட் என்ற நிரல் மொழியின் நடுவர் குழு கூண்டோடு ராஜினாமா செய்தது. மையக் குழு தனக்குத்தானே தவிர வேறு யாருக்கும் பதில் சொல்லாத இடத்தில் தன்னை வைத்துக்கொண்டது, எங்களால் நெறியை அமல்படுத்த முடியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். பிறகு அந்த மையக் குழுவே போய், 2023இல் தலைமைக் கவுன்சில் வந்தது. கெர்னலில் குழு சொன்னதை லினஸ் மதித்தார், புல் ரிக்வெஸ்ட்டை எடுக்கவில்லை. அந்த ஒரு விஷயம் நடக்காமல் போயிருந்தால் ஆவணங்களுக்கு எந்த மதிப்பும் இருந்திருக்காது.

தடைக்குப் பிறகு

6.13 பதிப்பு 2025 ஜனவரியில் வந்தது. தடை முடிந்தது, கென்ட் திரும்பி வந்தார், பேட்சுகள் ஏற்கப்பட்டன. வெளிப்பார்வைக்குத் தண்டனை வேலை செய்ததாகவே தோன்றியது. ஜூன் மாதம் 6.16இன் rc வாரங்களில் பழைய தகராறு திரும்ப எழுந்தது. பிழைத்திருத்தம் என்ற பெயரில் புது வசதி ஒன்று வந்திருப்பதாக லினஸ் பக்கம். பயனரின் இழந்த தரவை மீட்கும் கருவியை எதற்காகத் தாமதிக்க வேண்டும் என்று கென்ட் பக்கம். லினஸ் அதை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டே, 6.17இல் நாம் பிரிந்துவிடுவோம் என்று நினைக்கிறேன் என்று எழுதினார். 6.17க்கு பிகேஷ்எஃப்எஸ் மாற்றங்கள் எதுவும் எடுக்கப்படவில்லை. வெளியே பராமரிக்கப்படுவது என்று குறித்தார்கள். 6.18க்கான வேலை தொடங்கிய கையோடு அதன் மொத்த நிரலையும் நீக்கினார்கள்.

இந்தக் கடைசிக் கட்டத்தைத் தீர்மானித்தது நடத்தை நெறிக் குழு இல்லை.  ஒருவர் அனுப்புவதை இன்னொருவர் நம்பி எடுக்கும் உறவு தேய்ந்துபோயிருந்தது. 2024இன் தடை அந்த உறவைத் தொடவில்லை. தொடுவதற்காகப் போடப்பட்டதும் இல்லை. பிகேஷ்எஃப்எஸ் வேண்டுமென்கிறவர்கள் இப்போது அதைத் தனி மாட்யூலாக நிறுவி, கெர்னல் மாறும்போதெல்லாம் திரும்பக் கட்டிக்கொள்கிறார்கள்.